தாம்பாளத்தில் ஒரு வெள்ளைத் தாள்

கோயமுத்தூரில் விசைத்தறிப் பதிவு வாரியம் என்று ஒன்று இருப்பது தறிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தறிக்காரர்களுக்கும் தெரியாமலிருந்தால் அவர்கள் பாட்டுக்கு நெய்துகொண்டு இருந்திருப்பார்கள். கெரகம், தெரிந்துபோய்விட்டது. தறிக்குடோன் இன்னார் பேரில் இருக்கிறது என்று வாரியம் ஒரு சான்று கொடுத்தால்தான் கரண்டு இருக்கும். இல்லாவிட்டால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வாரியத்துக்கு இருக்கிற சோலி அவ்வளவுதான். அந்தச் சோலிக்கு உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம், ஒரு மண்டல இயக்குநர், பத்தொன்பது ஊழியர்கள், ஒரு கறுப்புத் திரை.

கறுப்புத் திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கின வருஷம், படம் தெரிகிற மாதிரியும் மௌஸால் அமுக்குகிற மாதிரியும் ஒரு மென்பொருள் வேண்டுமென்று சென்னைக்குத் தனியாகக் கோப்பு அனுப்பினார்கள். அது இன்னும் திரும்பி வரவில்லை. அதனால் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் மட்டும் வந்து நின்றன. அதில் இன்னது செய் என்று எழுத்தில் தட்டினால்தான் எதுவும் அசையும். ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து, மனுவுக்கு ஒரு ஃபோல்டர் என்று ஏற்பாடு செய்து, எல், எஸ் என்று இரண்டெழுத்தைத் தட்டினால் உள்ளே இருக்கிற ஃபோல்டர் எல்லாம் வரிசையாகப் பேர் சொல்லும் என்று பாலகோபாலுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

பாலகோபால் அங்கே உதவியாளர். வயது ஐம்பத்து நாலு. பீளமேட்டு நாயுடு குடும்பம். தாத்தா காலத்தில் மில்லில் பங்கு இருந்தது, இவர் காலத்தில் முட்டியில் வலி இருந்தது. அவருக்குத் தெரிந்தது மொத்தம் ஐந்து கட்டளை. டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். மற்ற பதினெட்டுப் பேருக்கும் ஒன்றுகூடத் தெரியாது என்பதால், ஐந்து தெரிந்தவர் அந்த ஆபீஸில் மகான் ஆகிவிட்டார்.

காலை பத்தரைக்குப் பட்டியல் எடுக்கும் வைபவம். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பாலகோபால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து இரண்டெழுத்தைத் தட்டுவார். அச்சாகி வருகிற தாளை பியூன் பிரான்சிஸ் எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, இயக்குநர் வெங்கடபதியின் அறைக்குப் போவார். தாம்பாளம் யாருடைய யோசனை என்று கேட்டால் பிரான்சிஸ் சொல்ல மாட்டார். தாளை வெறுங்கையில் கொண்டுபோன ஒருத்தருக்குத் தர்மபுரிக்கு மாற்றல் வந்தது என்று மட்டும் சொல்வார்.

வெங்கடபதி முதல் பக்கத்தைப் படிப்பார். மற்றப் பக்கங்களில் ‘கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஃபோல்டர் பேர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில், ஊர்ப் பேர் முன்னால். எனவே அன்னூர்க்காரர்களும் அவிநாசிக்காரர்களும் முதல் பக்கத்தில் வந்து சீக்கிரம் கரையேறினார்கள். விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, சூலூரில் தறி வைத்திருந்தவன்கூட அன்னூரில் இருக்கிற மாமனார் வீட்டு விலாசத்தைக் கொடுக்க ஆரம்பித்தான். ஒரு கட்டத்தில் அன்னூரில் வீடுகளைவிடத் தறிக்குடோன் அதிகமாகிவிட்டது. வாரியம் அதை ஆண்டறிக்கையில் அன்னூரின் வளர்ச்சி என்று போட்டுக்கொண்டது.

“ஒரு மனு இருக்குதுன்னா அது பட்டியல்ல இருக்கணும். பட்டியல்ல இல்லைன்னா அது இல்லை. நிர்வாகங்கறது இவ்வளவுதாங்க” என்பது வெங்கடபதியின் வேதவாக்கு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பாலகோபாலும் ஆட்டினார். ஆட்டியிருக்க வேண்டாம்.

தை மாசத்தில் சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எந்த மண்டலத்தில் நிலுவை பூஜ்யமோ அந்த மண்டலத்துக்கு விருது. அப்போது பட்டியலில் முந்நூற்றுப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். மூன்று வாரத்தில் முந்நூற்றுப் பதினேழு பேரைத் தீர்த்தார்கள். தீர்ப்பது என்றால் திருப்பி அனுப்புவது. ஜெராக்ஸ் மங்கலாக இருக்கிறது என்று நாற்பது பேருக்கு, ஜெராக்ஸ் அளவுக்கு மீறிக் கறுப்பாக இருக்கிறது என்று முப்பது பேருக்கு, ஸ்டேப்ளர் பின் வலது மூலையில் அடித்திருக்கிறது என்று மீதிப் பேருக்கு. பின் எந்த மூலையில் அடிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அதனால்தான் எல்லோரும் தப்பாக அடித்திருந்தார்கள்.

ஒரே ஒரு மனு மட்டும் அசையவில்லை. சோமனூர் பாவாத்தாளுடையது. புருஷன் சென்னிமலை போன ஐப்பசியில் மாரடைப்பில் போய்விட்டார். ஆறு தறி. அவர் பேரில் இருக்கிற பதிவைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டு எழுதியிருந்தாள். எல்லாத் தாளும் இருந்தது, எல்லாவற்றிலும் மூன்று பிரதி இருந்தது, ஸ்டேப்ளர் பின் அடிக்காமல் தறியின் பாவு நூலால் கட்டியிருந்தாள். இரண்டு நாள் ஆபீஸே முறை வைத்துக் குற்றம் தேடியது. சுண்டைக்காய் அளவுக்குக்கூடச் சிக்கவில்லை. இப்படி ஒரு மனு கொடுக்கிறவர்கள் இருந்தால் ஆபீஸ் எப்படி நடத்துவது என்று சூப்பிரண்டண்ட் வருத்தப்பட்டார்.

அதில் குறைந்தது ஒன்றுதான், அது வாரியம் போட வேண்டியது: தறியை நேரில் பார்த்து எழுதுகிற கள ஆய்வு அறிக்கை. கள ஆய்வாளர் வேலை நாலு வருஷமாகக் காலி. கூடுதல் பொறுப்பு பாலகோபாலிடம். ஆகவே உதவியாளர் பாலகோபால், கள ஆய்வாளர் பாலகோபாலுக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதினார். சுற்றறிக்கைக்கு முந்தின மார்கழியிலேயே நம்பர் போட்டு, தபால் பிரிவில் கொடுத்து, மூன்றாம் நாள் தபாலில் வாங்கி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட்டு, மேஜை டிராயரில் வைத்தார். சோமனூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம். முட்டி வலிக்கிறது, அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தார். அப்புறம் வெயில் என்று நினைத்தார். மார்கழியில் என்ன வெயில் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரே அவரைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கடிதத்தின் மேல் டிபன் பாக்ஸ் துணி விழுந்தது. அதோடு மறந்துபோனார்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வாரிய ஆணையர் பட்டியலைப் பார்க்க வருகிறார் என்றால் வியாழக்கிழமை சாயங்காலம் வெங்கடபதி பாலகோபாலைக் கூப்பிட்டு, பட்டியல் எப்படி இருக்கும் என்று கேட்டார். ஒன்று இருக்கும் என்றார் பாலகோபால்.

“ஒண்ணு பூஜ்யத்துக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்குது, பாலகோபால். ஆனா பூஜ்யம் இல்லை. மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க.” வெங்கடபதி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய அதிகாரிகள் அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள்; சொன்னால் அவர்கள் சொன்னதாக ஆகிவிடும்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான், ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் பிரீத்திகா லேப்டாப்பில் ஏதோ செய்துகொண்டிருந்தபோது, பேரின் முன்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் அந்த ஃபோல்டர் பட்டியலில் வராது, ஆனால் உள்ளேதான் இருக்கும் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். பாலகோபாலுக்கு அது ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம். ஆபீஸ் காலியானதும் பாவாத்தாள் பேரின் முன்னால் ஒரு புள்ளி வைத்தார். எல், எஸ் தட்டிப் பார்த்தார். திரையில் ஒன்றுமில்லை. எள்ளளவு புள்ளிதான், திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனார்.

மறுநாள் ஆணையர் முன்னால் வைபவம் நடந்தது. பாலகோபால் இரண்டெழுத்தைத் தட்டினார். பட்டியலில் ஒன்றும் இல்லாததால் பிரிண்டர் அசையவே இல்லை. தாம்பாளம் வெறுமனே போகக்கூடாது என்று பிரான்சிஸ் பிரிண்டரின் அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி வைத்துக் கொண்டுபோனார். வெங்கடபதி அதை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். ‘கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆணையரும் போட்டார். சூப்பிரண்டண்ட் அதற்கு மூன்று பிரதி ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். மூன்றாவது பிரதி மங்கல் என்று திருப்பி எடுக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை பாலகோபால் புள்ளியை எடுக்கத்தான் போனார். அதற்குள் வெள்ளைத் தாள் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியிருந்தது. இயக்குநரின் அறைக்குப் போய், சார், ஒரு மனு உள்ளே இருக்கிறது, நான் செய்தது என்னவென்றால், என்று ஆரம்பித்தார். வெங்கடபதி கையைத் தூக்கி நிறுத்தினார்.

“நீங்க என்ன செஞ்சீங்கன்னு நான் கேக்கலை. பட்டியல்ல வருமா, வராதா? வராதுன்னா அதுக்குப் பேரு திறமை. இனி வர்ற மனுவுக்கும் அதே திறமையைக் காட்டுங்க.”

அதன் பிறகு மனுக்கள் பிறக்கும்போதே புள்ளியோடு பிறந்தன. பின்னை இடது மூலையில் அடித்துக்கொண்டு முந்நூற்றுச் சொச்சம் பேர் திரும்பி வந்தார்கள், எல்லோருக்கும் புள்ளி. புதிதாக வந்தவர்களுக்கும் புள்ளி. தினமும் பத்தரைக்குப் பத்தொன்பது பேர் எழுந்து நின்றார்கள், பிரிண்டர் சும்மா இருந்தது, பிரான்சிஸ் வெள்ளைத் தாளைத் தாம்பாளத்தில் கொண்டுபோனார், கையெழுத்தாகி வந்தது. பங்குனி பிறப்பதற்குள் அலமாரி முழுக்க வெள்ளைத் தாள். ஈரோட்டு மண்டலத்திலிருந்து ஒரு குழு வந்து அவற்றைப் புரட்டிப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு போனது. என்ன குறிப்பு எடுத்தார்களோ, தெரியவில்லை.

பாவாத்தாள் செவ்வாய்க்கிழமை தோறும் வந்தாள். நாற்பத்தெட்டு வயசு இருக்கும். பஸ் கூட்டத்தில் கசங்காமல் ஒரு மஞ்சப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு வந்து, முறை வருகிறவரை நின்று, “ஏனுங்க சாரு, நம்ம மனு என்னாச்சுங்க?” என்பாள். பாலகோபால் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு, உங்கள் மனு நிலுவையில் இல்லை என்பார். அது பொய்யில்லை. அதுதான் அவரைத் தின்றது. முழுப்பொய்யாக இருந்தால்கூட ஒரு நாள் நாக்கு தவறி உண்மை வந்திருக்கும். இது பொய்க்கும் மெய்க்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. நிலுவையில் இல்லையென்றால் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். முடிந்தவற்றிலும் இல்லை என்றார். சரியென்று தலையை ஆட்டிவிட்டு, ‘வாரனுங்க’ என்று சொல்லிப் போனாள். ஒரு தடவை பையில் நிலக்கடலை கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பாலகோபால் அதைத் தொடவில்லை. பிரான்சிஸ் தின்றார்.

நடுவில் வெங்கடபதிக்கு ஒரு யோசனை உதித்தது. மனு நிலுவையில் இல்லாதவர்களுக்கு, நிலுவை இல்லை என்று ஒரு சான்றிதழ். முதல் சான்றிதழ் பாவாத்தாளுக்கு. அவள் அதைக் கரண்டு ஆபீஸுக்குக் கொண்டுபோனாள். அவர்கள் அதைப் படித்துப் பார்த்து, வாரியமே மனு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது, அப்படியென்றால் நீ மனுவே போடவில்லை என்று சொன்னார்கள். சென்னிமலை பேரில் இருந்த இணைப்பைப் பங்குனிக் கடைசியில் துண்டித்துவிட்டார்கள். ஆறு தறியும் நின்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வந்து இதைச் சொன்னபோது சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் பாலகோபால் பிழைத்திருப்பார்.

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி அம்புஜம் இரண்டு மாசமாக இந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், என்னவென்று கேட்டாள். சொன்னார். டிராயரில் கிடந்த கடிதத்திலிருந்து நிலக்கடலைவரை ஒன்று விடாமல் சொன்னார். வேலைக்குச் சேர்ந்து இருபத்தொன்பது வருஷம், இப்போது சொன்னால் என்ன ஆகுமோ என்றார்.

“அந்தம்மா ஊட்டுல தறி நிக்குது, உங்களுக்குச் சோறு எறங்கலை. ரெண்டும் ஒரே சீக்குதானுங்க” என்றாள் அம்புஜம். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விருது விழா சித்திரையில், அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் சட்டம் போட்ட வெள்ளைத் தாள். பிரான்சிஸ் அதற்குச் சந்தன மாலை போட்டார்; செத்துப்போனவர் போட்டோ மாதிரி இருக்கிறது என்று ஆணையர் முகம் சுளிக்கவும் கழற்றினார். பெரிய திரை ஒன்று கட்டி, வாரியத்துக் கம்ப்யூட்டரையே பிரிண்டரோடு தூக்கிக்கொண்டு வந்து அதில் மாட்டியிருந்தார்கள். பட்டியல் எடுக்கும் வைபவம் பொதுமக்கள் முன்னிலையில் நேரடியாக நடக்கும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது.

வெங்கடபதி பேசினார். “முன்பெல்லாம் மக்கள் நம்பிக்கையோடு எங்களைத் தேடி வந்தார்கள். அந்த நிலைமையை மாற்றிக் காட்டியிருக்கிறோம். ஒரு அலுவலகத்தில் மனு இருக்கிறது என்றால் அங்கே வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். எங்களிடம் மனுவும் இல்லை, வேலையும் இல்லை. இந்த நிலையை அடையப் பத்தொன்பது பேர் அல்லும் பகலும் பாடுபட்டிருக்கிறார்கள்.” மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது அந்தப் பத்தொன்பது பேரின் குடும்பங்கள்தான்.

அடுத்து பயனாளி பேச வேண்டும். முதல் சான்றிதழ் வாங்கியவள் என்று பாவாத்தாளை வாரியத்தின் ஜீப்பில் கூட்டிவந்திருந்தார்கள். தறி ஓடுகிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் மைக்கைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நின்று பேசினாள்.

“எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்றனுங்க. பாலகோபால் சாரு நம்ம மனுவ இத்தன நாளா ஒருத்தர் கண்ணுலயும் படாம பத்தரமா வெச்சிருக்கறாருங்க. அவரு பேரச் சொல்லாம எறங்கினா எனக்குப் பாவமுங்க.”

ஜனங்கள் தட்டினார்கள். ஆணையரும் தட்டினார். பாலகோபால் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கினபோது அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமான பார்வை இல்லை. ஏதோ ஒன்று வந்து சேரட்டும் என்று காத்திருக்கிற பார்வை. நான் நல்லவனில்லை, நான் நல்லவனில்லை என்று அவருக்குள் ஒரு குரல் அடித்துக்கொண்டது.

வெங்கடபதி சைகை காட்டினார். பாலகோபால் செருப்பைக் கழற்றவில்லை. எல், எஸ் என்று தட்டினார். என்டரை அமுக்காமல் நிறுத்தினார். பிறகு ஒரு இடம் விட்டு, ஒரு சின்னக் கோடும் அதன் பின்னால் ஒரு ‘ஏ’வும் சேர்த்துத் தட்டினார். ஒளிந்திருப்பதையும் சேர்த்துக் காட்டு என்று அதற்கு அர்த்தம். மகளிடம் முந்தின நாள்தான் கேட்டு வைத்திருந்தார். என்டரை அமுக்கினார்.

பேர்கள் வந்தன. அன்னூர், அவிநாசி, கருமத்தம்பட்டி, சோமனூர், சூலூர் என்று, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, சுவர் உயரத் திரையில் வெள்ளை வெளேரென்று நானூற்றுப் பதிமூன்று பேரும் வந்து நின்றார்கள். பாலகோபால் மைக்கை வாங்கினார். “இத்தனை பேரும் உள்ளதான் இருக்காங்க. மறைச்சது நானுங்க. மொதல்ல மறைச்சது இந்தம்மாவோட மனுவை. அதுவும், அதுல ஒரு குத்தமும் இல்லாததால மறைச்சேன். குத்தம் என்னோடதுங்க” என்றார்.

பாலகோபால் சஸ்பெண்ட் உத்தரவை எதிர்பார்த்து நின்றார். அப்போது ஆணையர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், பட்டியலைத் தலைப்பிலிருந்து காட்டச் சொன்னார். அன்னூருக்கும் மேலே இரண்டு வரி இருந்தது. ஒன்றில் ஒரே ஒரு புள்ளி. அடுத்ததில் இரண்டு புள்ளி.

“இது ரெண்டும் யாருடையது? பேரும் இல்லை, ஊரும் இல்லை.”

அது எந்த ஃபோல்டருக்குள்ளும் தானாகவே இருக்கும் என்று பாலகோபால் விளக்கினார். ஒரு புள்ளி என்றால் அந்த ஃபோல்டரேதான். இரண்டு புள்ளி என்றால் அதற்கு மேலே இருக்கிறது. ஆணையரின் முகம் மாறியது. ஒரு புள்ளி இந்த அலுவலகம் என்றால், அதற்கு மேலே இருப்பது தலைமை அலுவலகம். தலைமை அலுவலகத்தையே நிலுவைப் பட்டியலில் வைத்திருக்கிறீர்களா, அதுவும் எங்களுக்குத் தெரியாமல் இத்தனை வருஷமாகவா என்று வெங்கடபதியைக் கேட்டார். வெங்கடபதி அந்த இரண்டும் தன் காலத்துக்கு முன்பே வந்தவை என்றார். மேடையிலேயே மூன்று பேர் கொண்ட புள்ளி ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. மொத்தம் நானூற்றுப் பதிமூன்றா, நானூற்றுப் பதினைந்தா என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில், இனி எந்த ஊழியரும் இரண்டெழுத்துக்கு மேல் தட்டக்கூடாது என்று தீர்மானம் போட்டு, பாலகோபாலின் டைரியைப் பறிமுதல் செய்து, விருதை வாங்கிக்கொண்டு, சாப்பிடப் போனார்கள்.

பாலகோபால் பின்னாலேயே போய், சார், என்மேல் நடவடிக்கை எடுங்கள் என்று கேட்டார். குற்றச்சாட்டு என்று எழுதினால் மனு எண் குறிப்பிட வேண்டும், அந்த மனுதான் பட்டியலில் இல்லையே என்றார் வெங்கடபதி. பாயசம் நன்றாயிருக்கிறது, போய்ச் சாப்பிடுங்கள் என்றும் சொன்னார்.

பாவாத்தாள் மண்டபத்து வாசலில் நின்றிருந்தாள். ஜீப்பில் கூட்டிவந்தவர்கள் யாரும் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லவில்லை. பாலகோபால் போய் எதிரில் நின்றார். ரொம்ப நாள் கழித்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“உங்களுக்கு முன்னயே தெரியுங்களா?”

“மாசியிலயே தெரியுமுங்க. என்ற மூஞ்சியப் பாத்துப் பேசறத நீங்க நிறுத்திப்போட்டீங்களே.”

“தெரிஞ்சும் ஏனுங்க வாராவாரம் வந்தீங்க?”

“ஒரு செவ்வாக்கெழமயாச்சும் நீங்களாச் சொல்லுவீங்கன்னுதானுங்க” என்றாள்.

அவர் அழுதார். ஐம்பத்து நாலு வயசு மனுஷன் அவிநாசி ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போகிற இடத்தில் நின்று அழுதார். அவள் சமாதானம் சொல்லவில்லை. பஸ் வந்ததும் ஏறிப் போனாள்.

மறுநாள் காலை பாலகோபால் ஆபீஸுக்குப் போய் டிராயரைத் திறந்து, தனக்குத் தானே எழுதிய கடிதத்தை எடுத்தார். பிரான்சிஸ் வந்து, விழா முடிந்து கம்ப்யூட்டரைக் கட்டுவதற்கு முன்னால் பிரிண்டரில் வந்து கிடந்த அந்த நீளப் பட்டியலை எடுத்து வைத்ததாகச் சொல்லி, சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்துக் கொடுத்தார். பத்தரை மணி வைபவத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது பாலகோபால் சோமனூர் பஸ்ஸில் இருந்தார்.

தறிக்குடோனுக்குள் சத்தமே இல்லை. தறி ஓடுகிற ஊரில் ஒரு குடோன் மட்டும் சும்மா இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. ஆறு தறியிலும் பாதித் துணி அப்படியே நின்றது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எண்ணினார். அறிக்கைப் படிவத்தை எடுத்து எழுதிக்கொண்டு வந்தவர் ஒன்பதாம் கேள்வியில் நின்றார். தறிகள் ஓடுகின்றனவா? ஓடவில்லை என்று எழுதினால் விதிப்படி பேர் மாற்ற முடியாது, மனு தள்ளுபடி. இரண்டு நாள் ஆபீஸே தேடியும் கிடைக்காத குற்றம் இப்போது கிடைத்துவிட்டது. அதை உண்டாக்கியவர் அவர்.

ஓடுகின்றன என்று எழுதிவிடலாமா என்று ஒரு கணம் பேனா நகர்ந்தது. இன்னொரு புள்ளியா என்று கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் படிவத்தின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருந்த விதிகளைப் படித்தார். பதினேழாம் விதியின் கடைசி வரியில் இருந்தது: வாரிய ஊழியரின் தாமதத்தால் நின்ற தறி ஓடுவதாகவே கருதப்படும், அதற்குச் சம்பந்தப்பட்ட ஊழியர் தன் தாமதம் என்று தன் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாரியம் தோன்றி முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த விதியை ஒருத்தரும் பயன்படுத்தியதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓடவில்லை என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில், கள ஆய்வுக் கடிதத்தை மார்கழி முதல் டிராயரில் வைத்து, பின்பு மனுவை மறைத்த உதவியாளர் பாலகோபால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்துக்கு வெங்கடபதியால்கூட ஒன்றும் செய்ய முடியவில்லை. பதினோராம் நாள் பாவாத்தாள் பேரில் சான்று வந்தது, கரண்டு வந்தது. குற்றத்தை எழுத்தில் ஒத்துக்கொண்டதால் எண் போட்டுக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் பாலகோபாலுக்கு வந்தது. அதெல்லாம் பின்னால்.

அன்றைக்கு, எழுதினதை அவர் பாவாத்தாளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அவள் முழுவதும் கேட்டாள். சரிங்க என்றாள். பாலகோபாலுக்கு மூன்று மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போன மாதிரி இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டு, தறிக்கட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, அவள் கொடுத்த மோரைக் குடித்தார். இன்றைக்குச் சோறு இறங்கும் என்று நினைத்தார்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு, அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த தாள்களைப் பார்த்தாள்.

“ஏனுங்க, என்ற மனு ஒண்ணு ஆச்சு. மீதி நானூத்திப் பன்னெண்டு பேருகிட்ட எப்பங்க சொல்லப் போறீங்க?”

பாலகோபாலின் கை சட்டைப் பைக்குப் போனது. அவர்கள் யாரும் விழாவுக்கு வரவில்லை. இன்றைக்கும் ஆபீஸில் போய் நின்றுகொண்டு, நிலுவையில் இல்லை என்று கேட்டுக்கொண்டு, நல்ல செய்தி என்று திரும்பிப் போய்க்கொண்டிருப்பார்கள். மடித்த தாள்களை எடுத்துப் பிரித்தார். பேர் பேராக விரலை ஓட்டினார். கண் மங்கியதால் மெதுவாகத்தான் படிக்க முடிந்தது.

“பக்கத்துல கருமத்தம்பட்டியில மட்டும் முப்பத்தொரு பேரு இருக்கறாங்க” என்றார்.

“அப்ப வெயிலப் பாக்காம கெளம்புங்க” என்றாள் பாவாத்தாள்.